"டாபிக் சொல்லுங்க மேடம்"



இன்று கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், கோபமாகவும் எழுதப்போகிறேன். காபியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். பாதியில் எழுந்து போகிறவர்கள் போகலாம், வருகைப்பதிவு எடுக்கமாட்டேன்.

போன வாரம் கும்பகோணத்தில் ஒரு கல்யாணம். பந்திக்குக் காத்திருந்தபோது என்னிடம் படித்த பையன் ஒருவன் வந்து காலில் விழுந்தான். பையன் என்கிறேன், நாற்பதை நெருங்குகிறான். ஒரு தனியார் ஆர்க்கிடெக்சர் கல்லூரியில் உதவிப் பேராசிரியர். நலம் விசாரித்து முடிக்கும் முன்பே கேட்டுவிட்டான்.

"மேடம், பி.எச்.டி. ரிஜிஸ்டர் பண்ணணும். மேனேஜ்மென்ட்ல ரொம்ப பிரஷர். ஏதாவது ஒரு டாபிக் சொல்லுங்க மேடம். சீக்கிரம் முடியற மாதிரி."

"எதைப் பத்தித் தெரிஞ்சுக்கணும்னு உனக்கு ஆசை?" என்று கேட்டேன்.

முழித்தான். "அப்படி ஒண்ணும் இல்ல மேடம். சஸ்டெயினபிலிட்டி பக்கம் போனா சுலபம்னு சொல்றாங்க."

பந்தியில் உட்கார்ந்தால் பக்கத்து இலையில் என் ஒன்றுவிட்ட தம்பி. அவன் பெண் பி.ஆர்க். முடித்து, சென்னையில் ஓர் அலுவலகத்தில் இரண்டு வருடம் வேலை பார்த்தவள். இப்போது எம்.ஆர்க். சேர்ந்து, அதன் பிறகு ஆராய்ச்சிக்குப் போகவேண்டும் என்கிறாளாம்.

"நீங்களாவது சொல்லுங்கக்கா. அஞ்சு வருஷம் படிச்சாச்சு. இன்னும் ரெண்டு வருஷம், அப்புறம் நாலஞ்சு வருஷம்னா எப்ப கல்யாணம் பண்றது? டாக்டர் பட்டம் வாங்கினா மட்டும் வீடு கீழ விழாம நிக்குமா?"

அதற்குமேல் எனக்கு ரசம் இறங்கவில்லை. ஆராய்ச்சியே வேண்டாம் என்று இருப்பவனைக் கழுத்தைப் பிடித்து உள்ளே தள்ளுகிறார்கள். ஆராய்ச்சி செய்யவேண்டும் என்று துடிக்கிறவளைக் கையைப் பிடித்து வெளியே இழுக்கிறார்கள். ஒரே மண்டபத்தில், ஒரே மத்தியானத்தில் இரண்டையும் பார்த்தேன்.

32 வருடம் ஆர்க்கிடெக்சர் சொல்லிக்கொடுத்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன். கேள்வி இல்லாதவர்கள் பி.எச்.டி.க்குப் பதிவு செய்யாதீர்கள். கேள்வி இருப்பவர்களைத் தடுக்காதீர்கள். இந்தப் பதிவில் நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். ஏன் என்பதைத்தான் விளக்கப்போகிறேன்.

சொந்தக்காரர்களுக்கு முதலில். கட்டடத்தில் ஆராய்ச்சி செய்ய என்ன இருக்கிறது, கல், மணல், சிமென்ட் போட்டால் வீடு என்றுதானே நினைக்கிறீர்கள்? ஒரு கதை சொல்கிறேன், உண்மைக் கதை.

1970-ல் டென்மார்க்கில் ஓலே ஃபாங்கர் என்ற பொறியாளர் தன் டாக்டர் பட்ட ஆய்வேட்டை வெளியிட்டார். ஓர் அறையில் இருக்கும் மனிதனுக்கு எந்தச் சூட்டில், எந்தக் காற்றில், எந்த உடையில் சுகமாக இருக்கும் என்பதைக் கணக்காகச் சொல்லும் ஆய்வு. அதற்கான அளவுகள் எங்கிருந்து வந்தன தெரியுமா? சூட்டையும் ஈரப்பதத்தையும் இஷ்டப்படி கூட்டிக் குறைக்கக்கூடிய மூடிய அறைகளில் உட்காரவைக்கப்பட்ட அமெரிக்கர்களிடமிருந்தும் டென்மார்க்காரர்களிடமிருந்தும் வந்தன. அவர்களில் பெரும்பாலானவர்கள் கல்லூரி மாணவர்கள். நல்ல ஆய்வுதான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் கணக்கு சர்வதேசத் தரக்குறியீடுகளில் ஏறி, உலகம் முழுக்க ஏ.சி. கட்டடங்களுக்கு அளவுகோல் ஆகிவிட்டது. நம் ஊரில் வேலை பார்க்கிறவர்களின் உடம்புக்கும் அதே கணக்குத்தான்.

அது நம் உடம்புக்குப் பொருந்துமா என்று யாராவது கேட்க வேண்டாமா? கேட்டார்கள். அகமதாபாத்தில் உள்ள செப்ட் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் சென்னை, பெங்களூரு, டெல்லி, அகமதாபாத், சிம்லா என்று ஐந்து ஊர்களில் 16 அலுவலகக் கட்டடங்களுக்குப் போனார்கள். மூன்று பருவங்களில், வேலை செய்துகொண்டிருந்தவர்களிடம் போய், இப்போது உங்களுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். அதே நேரம், அதே இடத்தில் வெப்பமானியும் வைத்தார்கள். 6,000-க்கும் மேல் பதில்கள் சேர்ந்தன. பழைய கணக்கு 'இங்கே புழுக்கமாக இருக்கும்' என்று சொன்ன இடத்தில் நம் ஆட்கள் அவ்வளவு புழுக்கத்தை உணரவில்லை என்று தெரிந்தது. அந்த ஆய்வு 2016-ன் தேசியக் கட்டட விதித்தொகுப்பில் இடம்பெற்றது.

யாரோ ஒருவர் ஒரு கேள்வி கேட்டதால் கோடிக்கணக்கான பேர் உட்காரும் அறைகளின் சூடும் குளிரும் மாறலாம், மின்சாரக் கட்டணமும் மாறலாம். டாக்டர் பட்டம் வாங்கினால் வீடு கீழே விழாமல் நிற்குமா என்று கேட்ட தம்பியே, வீடு எப்படியும் நிற்கும். அதற்குள் மனுஷன் இருக்க முடியுமா என்பதுதான் கேள்வி.

இனி கல்லூரிக்காரர்களுக்கு. தரவரிசைக்கு விண்ணப்பிக்கும்போது ஆசிரியர்களில் எத்தனை பேர் பி.எச்.டி. என்று கேட்கிறார்கள், அதற்கு மதிப்பெண் உண்டு. தப்பில்லை. ஆனால் அந்த மதிப்பெண்ணுக்காக நிர்வாகம் என்ன செய்கிறது? பதிவு செய்யாவிட்டால் இன்க்ரிமென்ட் இல்லை என்கிறது. பதிவு செய்தவனுக்கு வகுப்பைக் குறைக்கிறதா? இல்லை. லீவு? அதுவும் இல்லை. காலையில் இருந்து மாலை வரை ஸ்டுடியோ, இரவில் ஜூரிக்கு மதிப்பெண் பட்டியல், ஞாயிற்றுக்கிழமை அட்மிஷன் கண்காட்சியில் மேசை. இதற்கு நடுவில் இந்த மனுஷன் எந்தக் கட்டடத்தைப் போய்ப் பார்ப்பான்?

அதனால்தான் எல்லாரும் ஒரே மாதிரி ஆய்வு செய்கிறார்கள். கூகுள் ஃபார்ம் ஒன்று தயாரிப்பது, வாட்ஸ்அப் குழுக்களில் போட்டு 'தயவுசெய்து நிரப்பவும்' என்று கெஞ்சுவது, 150 பதில் வந்ததும் கணினியில் போட்டு ஒரு வட்டப்படம் எடுப்பது. வீட்டு வாசல்படி ஏறவேண்டாம், ஏணியும் டேப்பும் வேண்டாம், வெயிலும் படவேண்டாம். கடைசியில் 'பாரம்பரிய வீடுகள் தட்பவெப்பத்துக்கு ஏற்றவை' என்று முடிவுரை. இதைக் கண்டுபிடிக்கவா நான்கு வருடம்? உங்கள் பாட்டியைக் கேட்டால் வெற்றிலை மடித்துக்கொண்டே சொல்லியிருப்பாரே!

2022-ல் யு.ஜி.சி. விதிகளை மாற்றியபோது, ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் ஆய்விதழில் கட்டுரை வெளியாகியிருக்க வேண்டும் என்ற கட்டாயத்தை எடுத்துவிட்டது. பல பல்கலைக்கழகங்கள் தங்கள் விதியில் அதை இன்னும் வைத்திருக்கின்றன. அந்தக் கட்டாயம் இருந்த காலத்தில் காசு வாங்கிக்கொண்டு எதையும் போடும் இதழ்கள் எப்படிக் கொழித்தன என்பது இதைப் படிக்கும் பல பேருக்குத் தெரியும். சிலருக்கு ரசீதோடு தெரியும்.

என்ன மேடம், எங்களை மட்டும் திட்டுகிறீர்களே என்று கேட்பீர்கள். சரி, என் கதையையும் சொல்லிவிடுகிறேன். இதை நான் இதுவரை எங்கேயும் எழுதியதில்லை.

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. ஓர் அறைக்கு மேலே மெட்ராஸ் டெரஸ். இப்போதுள்ள பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: தேக்கு உத்திரத்தின் மேல் வரிசையாகக் கட்டைகள். அந்தக் கட்டைகளுக்கு மேல் சின்னச் சின்ன மெல்லிய செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் குத்துக்கல்லாக, மூலைவாட்டில் வரிசை வரிசையாக ஒட்டிக்கொண்டே போவார்கள். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து நாள்கணக்கில் கட்டையால் தட்டுவார்கள். கடுக்காய்த் தண்ணீர் தெளித்துத் தெளித்துத் தட்டவேண்டும். கடைசியில் தட்டோடு பதிப்பார்கள். கம்பியும் கிடையாது, சிமென்ட்டும் கிடையாது. முக்கியமாக, செங்கல்லைப் பதிக்கும்போது கீழே பலகை முட்டுக் கிடையாது.

எங்கள் வீட்டு மாடியைப் பார்த்துக்கொண்டவர் ஒரு பெரிய கொத்தனார். நான் ஆர்க்கிடெக்சர் வாத்தியார் என்று அவருக்கு என்மேல் ஒரு மரியாதை. ஒருநாள் அவரிடம் கேட்டேன், "கீழ முட்டு இல்லாம செங்கல் எப்படிங்க விழாம நிக்குது?"

சிரித்தார். "சொன்னா புரியாதும்மா. சாந்து கையில ஒட்டற பதம் இருக்கு. ஒரு வேலை நடக்கறப்ப வந்து முழு நாளும் உக்காந்து பாருங்க. உங்க கையிலயே குடுக்கறேன்."

"தீசிஸ் முடிச்சிட்டு வரேன்" என்றேன்.

அப்போது நான் பி.எச்.டி. செய்துகொண்டிருந்தேன். தலைப்பு, என் வழிகாட்டி கொடுத்தது. நானும் இந்தப் பையனைப்போல் போய், "ஏதாவது தலைப்பு சொல்லுங்க சார்" என்று நின்றவள்தான். பிடித்தும் பிடிக்காமலும் ஆறு வருடம் எழுதினேன். மெரூன் கலர் அட்டை, தங்க எழுத்து. பட்டம் வந்தது, பதவி உயர்வும் வந்தது. ஓய்வு பெறுவதற்கு முன் ஒருநாள் நூலகத்தில் அந்த ஆய்வேட்டை எடுத்துப் பார்த்தேன். படிக்க எடுத்தவர்கள் பட்டியலில் இரண்டே கையெழுத்து இருந்தது. ஒன்று என்னுடையது.

ஆய்வேட்டை முடித்துவிட்டுக் கேமராவை எடுத்துக்கொண்டு கொத்தனார் வீட்டுக்குப் போனேன். அவர் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. மகன்கள் இரண்டு பேரும் திருப்பூரில் பனியன் கம்பெனியில். அந்த அம்மா எனக்கு மோர் கொடுத்து, "உங்களைப் பத்திச் சொல்லிட்டே இருப்பாரும்மா, டீச்சரம்மா வருவாங்கன்னு" என்றார்.

2009-ல் அந்த மாடி ஒழுக ஆரம்பித்தது. நான்கு கான்ட்ராக்டர்களைக் கூப்பிட்டேன். நான்கு பேரும் ஒரே பதில்தான் சொன்னார்கள்: "இதெல்லாம் இப்ப யாருக்கும் தெரியாது மேடம், உடைச்சிட்டுக் கான்கிரீட் போட்டுடலாம்." உடைத்தோம். தேக்குக் கட்டைகளைப் பழைய மரக்கடைக்காரர் எடுத்துப்போனார். கான்கிரீட் போட்டோம். இப்போது மே மாதத்தில் அந்த அறையில் மத்தியானம் படுக்க முடியாது. ஏ.சி. வைத்திருக்கிறோம்.

ஆர்க்கிடெக்சரில் டாக்டர் பட்டம் வாங்கிய ஒருத்தி, தன் தலைக்கு மேலே இருந்த ஒரே உண்மையான ஆராய்ச்சிக் கேள்வியைத் தீசிஸ் முடியட்டும் என்று தள்ளிப்போட்டாள். அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தவர் காத்திருந்து பார்த்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். நான் திட்டுவது உங்களை மட்டும் இல்லை என்று இப்போது புரிகிறதா?

இன்னொரு பாவமும் இருக்கிறது. வழிகாட்டியாக நான் கையெழுத்துப் போட்ட ஆய்வேடுகளில் ஒன்று, முற்றம் வைத்த வீடுகளைப் பற்றியது. 'உங்கள் வீட்டு முற்றம் உங்களுக்கு மனநிறைவு தருகிறதா? 1 முதல் 5 வரை மதிப்பிடவும்.' அப்படி 40 கேள்விகள். அந்த முற்றத்தில் யார் எப்போது உட்காருகிறார்கள், எதைக் காயவைக்கிறார்கள், மழை பெய்தால் தண்ணீர் எங்கே போகிறது என்று ஒரு வீட்டிலும் ஒரு நாள்கூட இருந்து பார்க்கவில்லை. எனக்குத் தெரியும். தெரிந்தே கையெழுத்துப் போட்டேன். அந்தப் பிள்ளைக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது, வேலைக்கு ஆபத்து இருந்தது, எனக்கும் மனசு வரவில்லை. அந்த ஆய்வேடு இன்று ஷோத்கங்கா இணையக் களஞ்சியத்தில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். என் பெயர் முதல் பக்கத்திலேயே இருக்கும்.

இப்போது சில பேர் வேறு மாதிரி கிளம்புவீர்கள். "லாரி பேக்கர் பி.எச்.டி. பண்ணினாரா? தோஷி பண்ணினாரா? நல்ல ஆர்க்கிடெக்ட்டுக்கு ஆராய்ச்சி எதுக்கு, சைட்டில் நின்றால் போதாதா?" ஸ்டுடியோவில் கைதட்டு வாங்கும் வாதம் இது. பாதி சரி.

பட்டம் வேறு, ஆராய்ச்சி வேறு என்பது சரி. ஆனால் தோஷி ஆராய்ச்சியே இல்லாமலா கட்டினார்? 1978-லேயே வாஸ்து-சில்பா என்று ஓர் ஆய்வு நிறுவனம் தொடங்கினார். இந்தூரில் ஏழைகளுக்கான ஆரண்யா குடியிருப்பு எழுந்த காலத்தில், அதே ஊரின் குடிசைப் பகுதிகளில் மக்கள் தெருவை, வாசல் மேடையை, மரத்தடியை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று அளந்து வரைந்த ஆய்வில் அந்த நிறுவனமும் பங்கெடுத்தது. ஆரண்யாவில் முழு வீட்டைக் கட்டி நீட்டாமல், அடித்தளமும் கழிப்பறையும் குழாயும் கொடுத்து, மீதியை மக்களே கட்டிக்கொள்ள விட்டது சும்மா தோன்றிய யோசனை இல்லை. பேக்கரும் தன் கேள்விகளைக் கொத்தனார்களோடு நின்று கேட்டவர். அவர்கள் இரண்டு பேரிடமும் கேள்வி இருந்தது, பட்டம் தேவைப்படவில்லை. நம்மில் பல பேரிடம் பட்டம் இருக்கிறது, கேள்வி இல்லை. அதற்காக அவர்களைச் சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள்.

பட்டத்தோடு கேள்வியும் வைத்திருந்தவர்களும் உண்டு. ஹார்வர்டில் ஆர்க்கிடெக்சரில் முதல் பி.எச்.டி. வாங்கியவர் கிறிஸ்டோபர் அலெக்சாண்டர். அவருடைய ஆய்வு 1964-ல் புத்தகமாக வந்தது. கணிதம் படித்தவர், கணக்காகவே எழுதினார். ஆனால் அந்தக் கணக்கைச் சரிபார்க்க அவர் எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டு எது? 600 பேர் வாழும் ஓர் இந்தியக் கிராமம். அதற்கு என்னென்ன வேண்டும் என்று 141 தேவைகளை வரிசையாக எழுதினார். குஜராத்தில் ஒரு கிராமத்தில் போய்த் தங்கியவர் அவர். ஹார்வர்டிலிருந்து குஜராத் கிராமத்துக்கு வர முடிந்திருக்கிறது. நமக்குத் தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டுக்குப் போக நேரமில்லை.

சரி, திட்டியது போதும். பதிவு செய்யும் முன் நீங்கள் பதில் சொல்லவேண்டிய மூன்று கேள்விகள்.

ஒன்று: உங்கள் ஆய்வுக் கேள்வியை உங்கள் அம்மாவுக்குத் தமிழில் ஒரே வாக்கியத்தில் சொல்ல முடியுமா? 'சஸ்டெயினபிள் வெர்னாகுலர் பாரடைம்' என்று ஆரம்பித்தால் அது கேள்வி இல்லை, அலங்காரம்.

இரண்டு: பதில் கிடைத்தால் யாருக்கு என்ன மாறும்? ஒரு கொத்தனாருக்கா, வாடகை வீட்டில் இருப்பவருக்கா, நகராட்சிப் பொறியாளருக்கா? ஒருவராவது கண்ணுக்குத் தெரியவேண்டும்.

மூன்று: பதிலைத் தேடி எங்கே போய் நிற்பீர்கள்? வெயிலில், படிக்கட்டில், செங்கல் சூளையில், ஆவணக் காப்பகத்துப் புழுதியில், எங்கேயாவது நிற்கவேண்டும். கணினி முன்னால் மட்டும் உட்கார்ந்து முடியும் என்றால் இன்னொரு தடவை யோசியுங்கள்.

எம்.ஆர்க். கடைசி வருட ஆய்வேட்டையே இதற்கு ஒத்திகையாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆறு மாதம் கசந்தால் பி.எச்.டி. வேண்டாம். அதில் அவமானம் ஒன்றுமில்லை.

வழிகாட்டிகளே, என் சக பாவிகளே, நவராத்திரிச் சுண்டல் மாதிரி தலைப்பு விநியோகிப்பதை நிறுத்துங்கள். கேள்வி இல்லாமல் வருகிறவனைத் திருப்பி அனுப்புங்கள். முடித்துப் போகிறவர்களிடம் ஒன்று கேட்டு வாங்குங்கள்: ஆய்வேட்டின் சாரத்தைத் தமிழில் 20 பக்கம், படத்தோடு. யார் வீட்டை அளந்தார்களோ அவர்கள் கையில், யாரிடம் கற்றார்களோ அந்தக் கொத்தனார் கையில் கொண்டுபோய்க் கொடுக்கட்டும். வாங்கிய இடத்தில் திருப்பிக் கொடுக்காததற்குப் பெயர் வேறு.

கடைசியாக என் தம்பிக்கு. பணம் பற்றிக் கவலைப்பட்டாய். ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய். உன் பெண் முதல் இரண்டு வருடம் அந்த அலுவலகத்தில் என்ன வாங்கினாள் என்று உனக்கே தெரியும், இங்கே போடவேண்டாம். கல்யாணம் பற்றிக் கேட்டாய். விதிப்படி பி.எச்.டி.க்கு ஆறு வருடம் வரை இருக்கிறது, பெண்களுக்கு மேலும் இரண்டு வருடச் சலுகை, குழந்தைப் பேற்றுக்கு 240 நாள் வரை விடுப்பு. யு.ஜி.சி.யே யோசித்திருக்கிறது, மாப்பிள்ளை வீட்டார் யோசிக்கமாட்டார்களா? யோசிக்கமாட்டோம் என்கிற வீடு நமக்கு வேண்டாம்.

உன் பெண்ணின் கேள்வி என்ன என்று நீ அவளிடம் கேட்டாயா? நான் கேட்டேன், கை கழுவும் இடத்தில் நின்றபடி.

"அத்தை, எங்க ஆபீஸ் வேலையா ஒரு ஹவுசிங் போர்டு குடியிருப்புக்குப் போனேன். மேல்மாடி வீட்டுக்காரங்க எல்லாம் ராத்திரி வராந்தால வந்து படுக்கறாங்க. பகல் பூரா காய்ஞ்ச கான்கிரீட் ராத்திரி உள்ள கொதிக்குது. அவங்க கையிலயே சரிபண்ணிக்கற மாதிரி, அவங்க காசுக்குள்ள, என்ன செய்யலாம்னு எங்க ஆபீஸ்ல யாருக்கும் தெரியல. யாரும் கேக்கவும் இல்ல. நான் கேக்கணும் அத்தை."

தம்பி, 32 வருடத்தில் இப்படி ஒரு கேள்வியோடு என் முன்னால் வந்து நின்றவர்களை ஒரு கை விரலுக்குள் எண்ணிவிடலாம். இவளைத் தடுத்தாய் என்றால் நான் உன் வீட்டுப் படி ஏறமாட்டேன். இது சத்தியம்.

காலில் விழுந்த அந்தப் பிள்ளைக்கும் ஒரு வார்த்தை. நீ நல்லவன், நல்ல ஆசிரியன் என்றும் கேள்விப்பட்டேன். என்னிடம் டாபிக் இல்லையடா. வருகிற மே மாதம் மத்தியானம் இரண்டு மணிக்கு, செருப்பில்லாமல் உன் வீட்டு மொட்டைமாடியில் ஒரு நிமிடம் நின்று பார். காலடியில் சூடு ஏறும்போது ஏதாவது ஒன்றைத் தெரிந்துகொள்ளவேண்டும் என்று தோன்றினால், அன்றைக்கே எனக்குப் போன் செய். எத்தனை மணியானாலும் எடுக்கிறேன், கூட வருகிறேன், ஏணியையும் நானே பிடிக்கிறேன். ஒன்றுமே தோன்றவில்லை என்றால் பதிவு செய்யாதே. ஸ்டுடியோவில் நல்லபடியாகப் பாடம் நடத்து. அது ஒன்றும் சின்ன வேலை இல்லை.

கோபம் வந்தவர்கள் கீழே எழுதுங்கள். எல்லாருக்கும் பதில் போடுவேன். பழைய வழக்கம், விடைத்தாளைத் திருத்தாமல் தூக்கம் வராது.

அன்புடன்,
உங்கள் மேடம், உங்கள் அக்கா, உங்கள் அத்தை